கிரேஸ் ஹாப்பர் அம்மையார் வரலாறு

உலகத்தார் புதியன படைத்தாரைப் போற்றுவர். படைத்தவற்றைச் சோதித்தறிந்தாரை அத்துணைப் பொருட்படுத்தார். அணிகலன் செய்த பொற்கொல்லனை ஊர் முழுதும் அறியும். அப்பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுக் கண்டவன் யாவன் என ஒருவரும் வினவுவதில்லை. எனினும், உரைகல் இல்லாத ஊரில் பித்தளையும் பொன்னென விலைபோம் என்பதை நாம் மறத்தலாகாது. வள்ளுவனார் தம் நூலுள் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். பவுலடிகளும் தெசலோனிக்கேயர்க்கு வரைந்த முதல் நிருபத்தின் இறுதிப் பகுதியிலே சோதித்தறிதலை அடியார்க்குரிய கடமைகளுள் ஒன்றாக வைத்தார். ஆன்றோர் இங்ஙனம் உயர்த்திய செயலை நம் காலத்து இளைஞர் சிலர் தாழ்வெனக் கருதுவது வியப்பினும் வியப்பாம்.

திருச்சிராப்பள்ளியில் கே.கே. நகர்ப் பக்கம் மாலை வேளையில் உலவுவார், மடிக்கணினிப் பையைத் தோளில் தாங்கிப் பேருந்தினின்று இறங்கும் இளைஞர் பலரைக் காண்பர். நம் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றாரும் அவருள் உளர். வணிக மென்பொருளைத் தானே சோதிக்கும் கருவிகளைக் கற்று, நவல்பட்டுத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலோ, சென்னையிலோ, பெங்களூரிலோ பணி பெற வேண்டும் என்பது அவர் பலருடைய விருப்பம். அவ்வாறு பணி பெற்ற பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்தார். யாது தொழில் என வினவினோம். நிரல் எழுதும் வேலை வாய்க்கவில்லை என்றும், பிறர் எழுதியதைச் சோதிக்கும் வேலையே கிடைத்தது என்றும் கூறி அவர் தலைகவிழ்ந்தார். அந்நாணம் எம் உள்ளத்தை வருத்தியது. அவர்க்கு அன்று தக்க விடை கூறினோமல்லோம். விடையாகவே இவ்வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இத்தொழில் இன்னதென முதற்கண் சுருங்கக் கூறுவோம். பெருநிறுவனம் ஒன்றன் கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, சம்பளம், வரி, வரவு செலவு ஆகிய அனைத்தையும் இக்காலத்தில் மென்பொருளே நடத்துகின்றது. அதன்கண் ஓரிடத்தில் செய்யும் சிறு மாற்றம் எதிர்பாராத பிறிதோரிடத்தில் பிழை விளைக்கும். ஆதலின் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பழையன யாவும் செவ்வனே இயங்குகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். ஆயிரம் படிகளை ஒருவர் நாள்தோறும் கையாற் செய்து பார்ப்பின் கண் சோரும், மனமும் சோரும். அதனால் அப்படிகளை மற்றொரு நிரலே செய்து, வந்த விடையை வரவேண்டிய விடையோடு ஒப்பிட்டு, தேறியது இது, தேறாதது இது என அறிவிக்குமாறு அமைத்தனர். இதுவே தானியங்கிச் சோதனை எனப்படுவது. இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. இதற்கு உரமிட்டு வளர்த்தாருள் தலைசிறந்தவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க்கு நகரில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் கிரேஸ் புரூஸ்டர் மர்ரி என்பது. தந்தையார் வால்ட்டர் மர்ரி காப்புறுதித் தொழிலர். அன்னையார் மேரி கணிதத்தில் பெருவிருப்புடையவர். அக்காலத்துப் பெண்டிர்க்கு அக்கல்வி எளிதில் வாய்ப்பதன்றாகவே, அவர் தனி இசைவு பெற்றே வடிவக் கணிதம் பயின்றனர். மக்கள் மூவருள் கிரேஸ் மூத்தவர்.

ஏழாட்டைப் பருவத்தில் அவர் வீட்டிலிருந்த எழுப்புக் கடிகாரம் ஒன்றைப் பிரித்து, அஃது எங்ஙனம் மணியடிக்கின்றது எனக் காண முயன்றார். பிரித்தவற்றை மீளப் பொருத்த இயலவில்லை. முதற் கடிகாரம் எவ்வாறிருந்தது என அறிதற்கு இரண்டாவதைப் பிரித்தார். அவ்வாறே ஏழு கடிகாரங்களும் பிரிவுண்டன. அன்னையார் அதனைக் கண்டு சினந்தாரல்லர். இனி ஒரு கடிகாரத்தோடு அமைக என வரையறுத்தார். பிள்ளை பொருளைக் கெடுத்தது என்று பிரம்பெடுக்கும் பெற்றோர் இவ்வன்னையாரை நினைவிற்கொள்வது நலம். தந்தையாரோ நோயினால் கால்களை இழந்தவர். தாம் நெடுநாள் உயிர்வாழ்தல் உறுதியன்று என எண்ணி, மகனுக்கு அளிக்கும் கல்வியை மகளிர்க்கும் குறைவின்றி அளித்து, அவர் தம் கால்களிலே தாம் நிற்குமாறு செய்தல் வேண்டும் எனத் துணிந்தார்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

பதினாறாம் வயதில் வாஸர் மகளிர் கல்லூரியிற் சேர விழைந்த கிரேஸ் இலத்தீன் மொழித் தேர்வில் தவறினார். ஓராண்டு காத்திருந்து, மீண்டும் முயன்று இடம் பெற்றார். தேர்வில் ஒருமுறை தவறியதனால் வாழ்வே முடிந்தது எனச் சோரும் மாணவர் இதனை ஊன்றி நோக்குக. 1928இல் கணிதமும் பௌதிகமும் கற்றுப் பட்டம் பெற்று, யேல் சர்வகலாசாலையில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் எய்தினார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பாரை மணந்து ஹாப்பர் என்னும் பெயர் பூண்டார். மக்கட்பேறு இல்லை; பின்னர் 1945இல் மணமுறிவு நேர்ந்தது.

1931 முதல் அவர் தாம் பயின்ற வாஸர் கல்லூரியிலேயே கணித ஆசிரியரானார். கணித மாணவியரைக் கட்டுரை எழுதச் செய்வது அவர்தம் வழக்கம். கணிதம் கற்க வந்தோமேயன்றி உரைநடை எழுத வரவில்லையே என மாணவியர் முறையிடுவர். தாம் அறிந்ததைப் பிறர்க்கு விளங்க உரைக்கமாட்டாத அறிவினாற் பயன் யாது என்பது அம்மையார் கொள்கை. இவ்வாசிரியப் பண்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. அவர் பிற்காலத்துச் செயல்கள் யாவற்றுக்கும் இதுவே வேர்.

கடற்படையும் கணிப்பொறியும்

1941ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிற்று. அம்மையார்தம் பாட்டனார் மரபில் கடற்படைத் தலைவர் ஒருவர் இருந்தனர். அவ்வழியே தாமும் கடற்படையிற் சேர விரும்பினார். வயதோ முப்பத்தேழு, எடையோ விதித்த அளவினும் 15 இராத்தல் குறைவு, கணிதப் பேராசிரியர் என்பதால் கல்லூரியிலேயே இருத்தல் நாட்டுக்கு நலம் என்றும் அதிகாரிகள் கூறினர். அவர் விடவில்லை. தனி விலக்குப் பெற்று 1943 டிசம்பரிற் சேர்ந்து, பயிற்சியில் தம் வகுப்பின் முதல்வராகத் தேறி, 1944 ஜூலையில் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பப்பெற்றார்.

ஆண்டு அவர்க்காகக் காத்திருந்தது மார்க்-1 என்னும் கணிப்பொறி. ஹவார்டு எய்க்கன் என்னும் பேராசிரியர் கருதியமைத்து, ஐ.பி.எம். நிறுவனத்தார் செய்தளித்தது அது. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. துளையிட்ட காகித நாடா வழியாகக் கட்டளைகளை ஏற்று, நொடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி கொள்ளும். இன்று ஒரு சிறுவன் கையிலுள்ள தொலைபேசியின் முன் இஃது எம்மாத்திரம் என நாம் நகைக்கலாம். ஆயினும் அந்நாளில் அதற்கு ஒப்பானது அரிது. அப்பொறிக்குக் கட்டளை எழுதிய முதல் மூவருள் அம்மையாரும் ஒருவரானார். அதனை இயக்கும் முறையை 1946இல் 561 பக்கமுள்ள ஒரு பெருநூலாக வெளியிட்ட முயற்சியிலும் அவர் பங்கே பெரிது.

இம்மார்க்-1 பொறியில் நாம் கருதத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. கணக்கைச் செய்யுங்கால், விடையை வேறொரு வழியாலும் கண்டு, இரண்டற்கும் உள்ள வேற்றுமை குறித்த வரம்பைக் கடக்குமாயின் பொறி தானே நின்றுவிடுமாறு அமைக்க இயலும். பொறி செய்த கணக்கைப் பொறியே ஐயுற்று ஆராயும் இவ்வேற்பாடு இன்றைச் சோதனை நிரல்களின் முன்னோன் எனத் தகும். பிழையுடைய கணக்கினால் விளையும் கேட்டை அம்மையார் குழுவினர் நன்கறிந்திருந்தனர். பீரங்கிக் குண்டின் போக்கும் கப்பற் கருவிகளின் அளவும் அக்கணக்குகளைச் சார்ந்து நின்றன. ஜான் வான் நாய்மன் என்னும் பேரறிஞர் 1944இல் கொணர்ந்த ஒரு கடுங்கணக்கையும் அவர்கள் செய்து முடித்தனர். அஃது அணுகுண்டு முயற்சியைச் சார்ந்தது என்பது பின்னரே விளங்கிற்று. விடை சரியா என ஆராய்தல் பொறியாலும் ஆகும். அவ்விடை எதற்குப் பயன்படும் என ஆராய்தல் மனிதனுக்கே உரியது. இவ்வேற்றுமையை நாம் என்றும் நினைவிற் கொள்ளல் தகும்.

விட்டிற்பூச்சியின் கதை

அம்மையாரைப் பற்றி உலகில் மிகுதியும் வழங்குவது ஒரு விட்டிற்பூச்சியின் கதை. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டில் மார்க்-2 என்னும் அடுத்த பொறி பிழைபட இயங்கிற்று. தேடியவர் 70ஆம் எண்ணுள்ள ரிலேயினுள் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டு மாண்டு கிடக்கக் கண்டனர். அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி, பூச்சியொன்று மெய்யாகவே அகப்பட்டது இதுவே முதன்முறை என்னும் கருத்தமைய நகைச்சுவைக் குறிப்பும் வரைந்தனர். அவ்வேடு இன்றும் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் அப்பூச்சியோடு போற்றப்பெறுகின்றது.

நிரற்பிழையைப் பூச்சி எனப் பொருள்படும் பக் என்னும் சொல்லால் குறிப்பது இதனால் தோன்றிற்று என்றும், அச்சொல்லைப் படைத்தவர் அம்மையாரே என்றும் பலர் எழுதுவர். அது பொருந்தாது. எடிசன் முதலானோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கருவிப் பிழைக்கு அச்சொல்லை வழங்கினர். பூச்சியைக் கண்டெடுத்தவரும் அம்மையார் அல்லர். அக்கதையைத் தம் சொற்பொழிவுகளிற் கூறிப் பரப்பியவரே அவர். சோதனையைப் பற்றி எழுதும் நாம் கேட்ட கதையைச் சோதியாது எழுதுதல் நகைப்புக்கிடமாம் அன்றோ? ஆயினும் அவ்வேட்டினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. பிழை கண்டார் அதனை மறைத்தாரல்லர். நாளும் இடமும் குறித்து, சான்றையும் உடனொட்டி வைத்தனர். நற்சோதகர் எழுதும் பிழையறிக்கைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

துன்பக் காலம்

பெரியோர் வாழ்வில் ஒளியை மட்டும் எழுதி இருளை மறைத்தல் வரலாறாகாது. போர் முடிந்தபின் ஹார்வர்டில் அவர்க்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. பெண்டிர்க்கு அங்கு அந்நாளில் அத்தகைய பதவி தரும் வழக்கமும் இல்லை. 1949இல் அவ்விடம் நீங்கினார். மணவாழ்வும் முறிந்து, பணியும் நிலையாது, உழைப்பின் மிகுதியால் உடலும் தளர்ந்த அக்காலத்தில் அவர் மதுப்பழக்கத்துக்கு ஆட்பட்டு மிகவும் வருந்தினார் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். நண்பர் சிலர் இடித்துரைத்தும் தாங்கியும் துணை நின்றனர். மீண்டெழுந்து, தம் பெரும்பணிகள் அனைத்தையும் அதன்பின்னரே அவர் செய்து முடித்தார். வீழ்ந்தார் எழுதல் அரிது. எழுந்தபின் ஏறிய உயரமே அவரை அளக்கும் கோல்.

தொகுப்பியும் வணிக மொழியும்

1949இல் பிலடெல்பியா நகரத்து எக்கர்ட்டு-மாக்லி நிறுவனத்திற் சேர்ந்து, யூனிவாக் என்னும் கணிப்பொறியின் பணியில் ஈடுபட்டார். நிரல் எழுதுவோர் முன்னர்ப் பயன்பட்ட பகுதிகளைத் தம் ஏடுகளிலிருந்து ஒருவர்க்கொருவர் கொடுத்துப் படியெடுப்பது அக்காலத்து வழக்கம். படியெடுக்குந்தோறும் எண்கள் மாறும்; கூட்டற்பிழை நுழையும். மனிதர் படியெடுத்தலிலும் கூட்டலிலும் தவறுவர். பொறியோ இவ்விரண்டிலும் தவறாது. அங்ஙனமாயின் அப்பணியைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என அம்மையார் எண்ணினார். இவ்வெண்ணத்தின் பயனே 1952இல் இயங்கிய ஏ-0 என்னும் தொகுப்பி. நிரற்பகுதிகளை எண்ணாற் குறித்துக் கூறினால், பொறி தானே அவற்றை நாடாவினின்றும் எடுத்துக் கோத்து ஒரு முழு நிரலாக்கித் தரும். கணிப்பொறி கணக்கிடும் ஒன்றேயன்றி நிரல் ஆக்க வல்லதன்று எனப் பலர் அதனை நம்ப மறுத்தனர்.

அடுத்து அவர் வணிகரை நோக்கினார். கணித அறிஞர் குறியீடுகளை விரும்புவர். சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் எழுதுவார்க்கோ இயல்பான சொற்களே வேண்டும். எனவே ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதத்தக்க புளோ-மேட்டிக் என்னும் மொழியைத் தம் குழுவினரோடு 1950களின் இடையில் அமைத்தார். ஒரே நிரலை ஆங்கிலத்தில் மட்டுமின்றிப் பிரஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் எழுதி இயக்கலாம் எனக் காட்டியபோது நிறுவனத் தலைவர்கள் திகைத்தனர். அமெரிக்கக் கணிப்பொறிக்குப் பிரஞ்சு மொழி எங்ஙனம் விளங்கும் என்பது அவர்கள் ஐயம். பொறிக்கு எல்லா மொழியும் ஒன்றே என்னும் எளிய உண்மையை அவர்க்கு உணர்த்துதற்கு அம்மையார் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அரசினரும் பல நிறுவனத்தாரும் கூடி வணிகத்துக்கெனப் பொதுமொழி ஒன்றை வகுக்கத் தொடங்கினர். அதுவே கோபால் என்னும் மொழி. இப்பெயரைக் கேட்ட நம்மவர் ஆயர்பாடிக் கண்ணனை நினைப்பாராயின் அது நம் செவியின் குற்றமன்று. வணிகம் நோக்கிய பொதுமொழி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆகியது அப்பெயர். அதனை வகுத்தார் பலர். அம்மையார் அக்குழுவுக்கு அறிவுரை கூறுவோருள் ஒருவர். ஆயினும் அம்மொழிக்குப் பெரிதும் அடிப்படையாயது அவர்தம் புளோ-மேட்டிக்கே.

1960 டிசம்பரில் ஒரு சோதனை நிகழ்ந்தது. கோபாலில் எழுதிய ஒரே நிரலை, வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இரண்டு பொறிகளில், ஆர்.சி.ஏ. பொறியிலும் யூனிவாக் பொறியிலும், சிறு மாற்றங்களோடு இயக்கிக் காட்டினர். ஓரிடத்தில் எழுதியது பிறிதோரிடத்திலும் இயங்கும் என்பது அன்றுதான் மெய்ப்பட்டது. பொறி மாறினால் நிரலை எல்லாம் புதிதாய் எழுதவேண்டும் என்னும் பழைய அடிமைத்தளை அதனால் நெகிழ்ந்தது.

சோதனைப் பணி

இதுகாறும் கூறியவை பலரும் அறிந்தவை. இனிக் கூறப்புகுவது பலரும் கடந்துபோகும் பகுதி. எம் கருத்தில் அதுவே இவ்வரலாற்றின் உயிர்.

கோபால் ஒரு மொழியே. ஆயினும் அதனைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பிகளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே செய்தது. ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியவாறு கூட்டியும் குறைத்தும் கொண்டனர். ஒரு சிறு எடுத்துக்காட்டுக் கூறுவோம். 20 ரூபாயை மூவர்க்குப் பங்கிடின் ஒருவர்க்கு 6 ரூபாய் 66 காசும் மேலும் ஒரு சிறு பின்னமும் வரும். அப்பின்னத்தை வெட்டி எறிவதா, மேலேற்றி 67 காசாக்குவதா? மேலேற்றுக எனக் கட்டளை இல்லையாயின் வெட்டுக என்பது கோபாலின் விதி. இவ்விதியை ஒரு தொகுப்பி மறந்தால், ஓரிலட்சம் பேருடைய சம்பளப் பட்டியலில் 1,000 ரூபாய் வேறுபடும். திருடியவர் ஒருவரும் இல்லை, பணமோ குறைந்திருக்கும். வணிக மென்பொருளின் பிழை இடிபோல் விழுவதில்லை; கறையான்போல் அரிப்பது.

அம்மையார் 1966ஆம் ஆண்டின் இறுதியில் அறுபது வயது நிரம்பியதனால் கடற்படையினின்றும் ஓய்வு பெற்றார். ஆயினும் கடற்படையின் பல பொறிகளில் பல்வேறு கோபால் வழங்கியதால் நேர்ந்த குழப்பத்தை ஒழுங்குபடுத்துவார் வேறெவரும் இலர். 1967 ஆகஸ்டில் ஆறு திங்களுக்கெனத் திரும்ப அழைத்தனர். அவ்வாறு திங்கள் பத்தொன்பது ஆண்டுகளாயிற்று!

அவர் தலைமையில் இளைஞர் குழு ஒன்று மேற்கொண்ட பணி இது: ஒரு தொகுப்பி கோபாலின் விதிகளை முற்றும் கைக்கொள்கின்றதா என ஆராயும் நிரல்களை எழுதுதல். அந்நிரல்களும் கோபாலிலேயே எழுதப்பெற்றவை. விதி ஒவ்வொன்றற்கும் ஒரு சிறு சோதனை. வரவேண்டிய விடை இன்னதென முன்னரே அதனுள் குறிக்கப்பட்டிருக்கும். தொகுப்பி ஆக்கிய நிரல் இயங்கி ஒரு விடை தரும். அவ்விரண்டையும் சோதனை நிரலே ஒப்பிட்டு, தேறிற்று அல்லது தேறவில்லை என அச்சிடும். தேறாவிடத்து வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் அருகருகே காட்டும். நிறுவனத்தார் தம் பொருளைப் புகழ்ந்து கூறும் சொல் ஆண்டுச் செல்லாது; அச்சிட்ட தாளே சான்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. 1968இல் கோபாலுக்குத் தேசியத் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. தரத்தை எழுதிவைத்தல் ஒன்று. அதற்கிணங்க நடக்கச் செய்தல் மற்றொன்று. எழுதிய தரம் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வந்தது இச்சோதனைகளாலேயாம். கடற்படைக்கு விற்க விழைவோர் சோதனையில் தேறவேண்டும் என்னும் நிலை வந்தது. பின்னர் அரசினர் முழுமைக்கும் அது விரிந்தது. காலப்போக்கில் இச்சோதனைத் தொகுதியின் பொறுப்பை நாட்டின் தர நிறுவனம் ஏற்றது. அவ்வழியில் வளர்ந்த 1985ஆம் ஆண்டுத் தரத்துக்குரிய சோதனைகளை, இன்று எவரும் இலவசமாகப் பெறத்தக்க குனு-கோபால் என்னும் தொகுப்பியை ஆக்குவோரும் இயக்கிப் பார்க்கின்றனர். அவை 9,000க்கு மேற்பட்டவை. எழுதிய கைகள் பல மறைந்தன. எழுதிய சோதனைகள் இன்னும் தம் கடமையைச் செய்கின்றன.

இறுதிக் காலம்

அம்மையார் 1973இல் காப்டன் பதவியும், 1983இல் கொமடோர் பதவியும் எய்தினார். 1985இல் அப்பதவியின் பெயர் மாறியதனால் ரியர் அட்மிரல் எனப்பெற்றார். 1969இல் கணிப்பொறித் தொழிலர் சங்கம் ஒன்று ஆண்டின் சிறந்த ஆண்மகன் என்னும் பொருளுடைய தன் விருதினை முதன்முதலாக வழங்கியபோது, அதனைப் பெற்றவர் இப்பெண்மணியே. கேட்பார் நகையாதிரார்.

மேடைதோறும் 11.8 அங்குல நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொணர்ந்து வழங்குவார். ஒரு நொடியை நூறு கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூறு நானோநொடி. அவ்வளவில் ஒளி செல்லும் தொலைவே அக்கம்பியின் நீளம். பொறி ஏன் விரைந்து இயங்கவில்லை என வினவும் படைத்தலைவர்க்கும் அதனையே கையிற் கொடுப்பார். தம் அறையில் பின்னோக்கிச் சுழலும் கடிகாரம் ஒன்றை மாட்டியிருந்தார். வழக்கம் என்பது ஒன்றே வழியன்று எனக் காண்பார்க்கு உணர்த்துதற்கே அது. ஏழு கடிகாரங்களைப் பிரித்த சிறுமி அம்முதுமையிலும் அவருள் வாழ்ந்திருந்தாள்.

1986 ஆகஸ்டில், 79ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெருங் கப்பலின்மீது விடைபெற்றார். ஓய்ந்திருந்தாரோ எனின், இல்லை. டிஜிட்டல் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து கற்பித்தலைத் தொடர்ந்தார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், 85ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் படைமரியாதையோடு அடக்கம் செய்யப்பெற்றார். அவர் பெயரால் ஒரு போர்க்கப்பல் கடலில் உலவுகின்றது. 2016இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவர்க்கு அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய உயர்ந்த பதக்கத்தை அளித்தனர். 2017இல் யேல் சர்வகலாசாலை தன் கல்லூரிகளுள் ஒன்றற்கு அவர் பெயரைச் சூட்டிற்று.

அவர் மறைந்து சில ஆண்டுகளில் உலகம் சோதனையின் அருமையை உணர நேர்ந்தது. இடம் சுருக்கக் கருதி ஆண்டினை இரண்டே இலக்கங்களால் எழுதிய பழைய கோபால் நிரல்கள், 2000ஆம் ஆண்டினை 1900 எனக் கொள்ளும் என்னும் அச்சம் எழுந்தது. அவற்றைத் திருத்திச் சோதிக்கும் பெரும்பணியை நம் நாட்டு நிறுவனங்கள் பல சென்னை முதலிய நகரங்களில் ஏற்றன. நம் தமிழிளைஞர் பலர் அப்பணியின் வழியாகவே உலகச் சந்தையிற் புகுந்தனர். அவர்கள் அன்று திருத்திய நிரல்களுள் பல, அம்மையார் வழிகாட்டிய மொழியில் எழுதப்பெற்றவை.

நாம் கற்பன

இனி, தலைகவிழ்ந்து சென்ற எம் இளைய நண்பர்க்கு வருவோம்.

நண்பரே! நீவிர் கற்கும் கருவிகளின் பெயர்கள் நிலையா. ஒருகாலத்தில் மெர்குரி என்னும் நிறுவனத்தாரின் வின்ரன்னர் என்னும் கருவியைக் கற்றாரே சோதனை வல்லார் எனப்பட்டனர். 2004இல் சிக்காகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார், தம் நிறுவனத்தாரின் நேரக்கணக்கும் செலவுக்கணக்கும் எழுதும் மென்பொருளைச் சோதித்தற்குப் புதிய கருவி ஒன்று செய்தார். மெர்குரி என்பது பாதரசம். பாதரச நஞ்சுக்கு மாற்று செலினியம் எனக் கூறுவர். ஆதலின் நகையாடித் தம் கருவிக்குச் செலினியம் எனப் பெயரிட்டார். 2006இல் மெர்குரி வேறொரு நிறுவனத்தின் உடைமையாயிற்று, வின்ரன்னர் வழக்கொழிந்தது. செலினியத்துக்குப் பின்னரும் புதியன பல தோன்றிவிட்டன. நாளை எது தோன்றும் என யாம் அறியோம்.

ஆனால் நிலைத்திருப்பது ஒன்றுண்டு. அம்மையார் குழுவினர் எழுதிய சோதனையைப் பிரித்துப் பார்மின். விதி யாது எனத் தெளிதல், வரவேண்டிய விடையை முன்னரே துணிதல், வந்த விடையோடு ஒப்பிடல், கண்டதைச் சான்றோடு எழுதல் ஆகிய நான்கே அதன்கண் உள. இவற்றுள் மூன்றாவதைப் பொறி செய்யும். ஏனைய மூன்றும் உம்மைச் சார்ந்தன. சம்பள மென்பொருளைச் சோதிப்பவர் சம்பள விதியை அறியாராயின், திரையில் அழுத்தும் விசைகளை மட்டும் கற்று என் செய்வார்? பிழையான விடையையே வரவேண்டிய விடையென எழுதிவைத்தால், பொறி நாள்தோறும் தேறிற்று, தேறிற்று என்றே கூறும். அந்தப் பொய்ச்சான்றுக்கு உடையவர் பொறியல்லர், நீவிரே.

ஆகவே கணக்கியல் கற்பீராக. நீர் சோதிக்கும் தொழிலின் முறைகளைத் தொழிலாளரிடமே கேட்டறிவீராக. கண்ட பிழையைக் குற்றஞ்சாட்டும் சொல்லாலன்றி, வாஸர் கல்லூரி ஆசிரியை விரும்பிய தெளிந்த உரைநடையால் எழுதுவீராக. நிரல் எழுதுவார்க்கு நீர் பகைவரல்லீர். பிழை வெளியே போய் ஓர் ஏழைத் தொழிலாளியின் கூலியைக் குறைப்பதற்கு முன் அதனைத் தடுத்து நிறுத்தும் காவலர்.

தொகுப்பியைப் படைத்தும், மொழிக்கு வித்திட்டும் புகழ் பெற்ற ஒருவர், அறுபது வயதுக்குமேல் மீண்டும் அழைக்கப்பெற்று ஏற்ற பணி எது? சோதனைப் பணி அன்றோ? அதனை அவர் தாழ்வெனக் கருதினாரல்லர். அங்ஙனமாக, இருபத்து மூன்று வயதில் அப்பணியை ஏற்கும் நீர் ஏன் நாணவேண்டும்? கே.கே. நகர்ப் பேருந்தில் நாளை மாலை நீர் இறங்கும்போது யாரேனும் உம் தொழிலை வினவினால், தலைநிமிர்ந்து விடை கூறுவீராக. இறையருள் உமக்குத் துணை நிற்பதாக!